பூச்சாண்டி இசோபே

தொலைபேசி இன்னும் மணியடிக்கவில்லை. அதற்குள் இசோபே மேல்சட்டையின் ஜிப்பை இறக்கிவிட்டான். பெஞ்சில் மற்ற பிட்சர்கள் கால் நீட்டிச் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருக்க, இவன் மட்டும் இடதுகை நடுவிரல் நகத்தைச் சின்ன அரத்தால் இரண்டு இழு இழுத்தான். காகிதக் கோப்பையில் இருந்த பார்லி டீயைப் பாதி குடித்தான். மீதியைப் பெஞ்சுக்கு அடியில் பத்திரமாக வைத்தான். "போன் வரும்" என்றான். வந்தது.

"எவன்டா உனக்கு முன்கூட்டியே சொல்றான்?" என்று அவன் பந்தைப் பிடிக்கிற ஹதானோ கேட்காத நாளில்லை.

"மேனேஜர் தொப்பியைக் கழட்டித் தலையைச் சொறிஞ்சாரு பாரு. அவருக்கு அங்க அரிச்சா எனக்கு இங்க அரிக்கும்."

இசோபே தகுரோவுக்கு முப்பத்தேழு வயது. ஒகயாமா க்ரேன்ஸ் பேஸ்பால் அணியில் இடதுகைப் பிட்சர், அதாவது பந்தெறிகிறவன். ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் பிட்சர் என்றால் மாப்பிள்ளை மாதிரி. மறுநாள் பத்திரிகையில் படம், பேட்டி, எல்லாம் உண்டு. இசோபே அந்த ரகம் இல்லை. வீடு பற்றி எரியும்போது வாளியோடு கூப்பிடப்படுகிறவன் அவன். அதுவும் முழு வீட்டுக்கு இல்லை, ஒரே ஒரு அறைக்கு. எதிரணியில் இடதுகை மட்டைக்காரன் ஒருவன் இக்கட்டான நேரத்தில் வந்து நின்றால், இவனை அனுப்புவார்கள். நாலைந்து பந்து எறிவான். அவன் அவுட்டானால் இவன் வேலை முடிந்தது. தொப்பியைத் தொட்டுவிட்டு இறங்கிவிடுவான்.

பதினைந்து வருடத்தில் நானூற்று அறுபத்து மூன்று ஆட்டம். எறிந்த இன்னிங்ஸ்களைக் கூட்டினால் முந்நூறு தேறாது. ஒருமுறை வாடகைக் காரோட்டி, "சார் ஆபீஸ் வேலையா?" என்று கேட்டிருக்கிறார். "ஆமாங்க, பார்ட் டைம்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தவன் இவன்.

தமானோ துறைமுகத்தில் கப்பல் எஞ்சின் செய்யும் தொழிற்சாலையின் அணியிலிருந்து, இருபத்திரண்டு வயதில், வருடாந்திர ஆள் தேர்வில் அணி எடுத்த ஆறாவது ஆளாக வந்தான். முதல் இரண்டு வருடம் அவனையும் மாப்பிள்ளையாக்கிப் பார்த்தார்கள். கண்டவனெல்லாம் அடித்தான். மூன்றாம் வருடம் இரண்டாம் அணிக்குத் தள்ளினார்கள். அங்கே ஒரு பயிற்சியாளர், "மேலேருந்து எறிஞ்சு ஒண்ணும் கிழிக்கல, பக்கவாட்டுல எறிஞ்சு பாரேன்" என்று சலிப்போடு சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். அவர் திரும்பி வருவதற்குள் இசோபே நூற்றிருபது பந்து பக்கவாட்டில் எறிந்திருந்தான். இடதுகை மட்டைக்காரனுக்கு அந்தப் பந்து முதுகுப் பக்கமிருந்து கிளம்பி வருகிற மாதிரி இருக்கும். அதை வைத்துத்தான் இத்தனை வருடச் சாப்பாடு.

தனக்குத் தராத மரியாதையை இடது தோளுக்குத் தருவான். காலையில், "இவரு இன்னும் எந்திரிக்கல" என்பான். மழை நாளில், "இவருக்கு இன்னைக்கு மூடு சரியில்ல" என்பான். இடது கையால் பை தூக்க மாட்டான், கதவு திறக்க மாட்டான், பெற்ற மகளைக்கூட வலது பக்கத்தில்தான் தூக்கி வளர்த்தான். ஆட்டத்தில் பிட்சர் நின்று எறிகிற மேட்டுக்குப் போனதும் பழக்கத்துக்காக ஐந்து பந்து எறியலாம். மற்றவர்கள் அதைப் பலம் காட்ட எறிவார்கள். இசோபே பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆரஞ்சுப்பழம் தூக்கிப் போடுகிறவனாட்டம் ஐந்தையும் எறிவான். "இவருகிட்ட இருக்கிறதே எண்ணி நாலு பந்து. அதை ஒத்திகைக்குக் குடுப்பாங்களா?" அந்த ஐந்து பந்தை நம்பி அவனை எடை போடக் கூடாது என்பது லீக் முழுக்கத் தெரிந்த சங்கதி.

ஒரு வருடம், கனசாவாவில், கடைசி இன்னிங்ஸில் அவன் எறிந்த முதல் பந்தே சுவருக்கு அப்பால் போய்விட்டது. ஆட்டமும் போய்விட்டது. ஓட்டலுக்குத் திரும்பிய பேருந்தில் ஒருவரும் அவன் பக்கத்தில் உட்காரவில்லை, ஹதானோவைத் தவிர. மறுநாள் மைதானத்துக்கு முதல் ஆளாக வந்து நகத்துக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தான். "நேத்துப் போட்டது நேத்தோட போச்சு. போன் பண்றவன் அதையா விசாரிக்கப் போறான்?" என்றான். ஹதானோவுக்கு அன்றைக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கேட்சர் கவசம் போட்டுக்கொண்டு யாரையும் கட்டிக்கொள்ள முடியாது.

ஹதானோவும் இசோபேயும் ஒரே வருடம் சேர்ந்தவர்கள். ஹதானோ கேட்சர், மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்திப் பந்து பிடிக்கிறவன். முதல் அணிக்கு ஒரு ஆட்டம்கூட ஆடாமல் நான்காம் வருடம் அவன் ஆட்டக்கார வாழ்க்கை முடிந்தது. "புல்பென்ல பந்து பிடிக்கிறியா?" என்று அலுவலகத்தில் கேட்டார்கள். சரியென்றான். மைதானத்தின் ஓரம், கோட்டுக்கு வெளியே, பிட்சர்கள் தோளைச் சூடாக்கிக்கொள்கிற இடம்தான் புல்பென். பதினோரு வருடமாக இசோபே ஆட்டத்துக்கு முன் எறிகிற ஒவ்வொரு பந்தும் ஹதானோவின் கையில்தான் முடிகிறது. அவற்றுக்கு எந்த ஏட்டிலும் கணக்கில்லை.

பந்தைப் பிடிப்பதுதான் அந்த வேலை என்று நினைக்கிறவர்கள் பாவம், விவரம் தெரியாதவர்கள். ஓசைதான் வேலை. கையுறையின் வலைப் பக்கம் பிடித்தால் பந்து தொப்பென்று விழும், கைக்கும் சுகம். ஆள்காட்டி விரலின் அடிக்குழியில் பிடித்தால் பளாரென்று வெடிக்கும். அந்த வெடிச் சத்தத்தைக் கேட்டால் எப்பேர்ப்பட்ட சோர்ந்த பிட்சருக்கும் நெஞ்சு நிமிரும். ஹதானோவின் கையுறை வெடித்தால் டிக்கெட் கவுண்டர் வரை கேட்கும் என்பார்கள். கூலி, அந்த விரல். மற்ற விரல்களைப் போல அது இரண்டு மடங்கு பருமன் ஆகிவிட்டது, மடங்காது.

இடது கையில் சோற்றுக் கிண்ணத்தை ஏந்த முடியாமல் மேசையில் வைத்துவிட்டுக் குனிந்து சாப்பிடுவான். "நாய் மாதிரி சாப்பிடாதீங்க, பிள்ளை பாக்குது" என்று மனைவி மிஹோ வீட்டில் வைவாள். புல்பென் ஐஸ் பெட்டியை அவன் தொட்டதில்லை. அது பிட்சர்களுக்கு. பந்து பிடிக்கிறவன் அதில் கைவைப்பது வழக்கமில்லை, யாரும் தடுத்ததாகவும் நினைவில்லை.

இந்த வருடம் ஆகஸ்டில் ஒரு விஷயம் ஹதானோவுக்குத் தெரிந்துபோயிற்று. இசோபேயின் நேர்ப்பந்து, வேகமாக எறிகிற பந்து, முன்போல வரவில்லை. கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். முன்பெல்லாம் கடைசி அடியில் பந்து ஒரு எட்டு முன்னால் தாவும். இப்போது கடைசி அடியில் உட்கார்ந்துவிடுகிறது. ஹதானோ என்ன செய்தான்? விரலை இன்னும் கொஞ்சம் உள்ளே கொடுத்தான். செத்த பந்தும் பளாரென்று வெடித்தது. புல்பென் பயிற்சியாளர் கசாமா தினமும் தனியாகக் கூப்பிட்டு, "இசோபே எப்படி?" என்று கேட்பார். "நல்லா வருதுங்க" என்பான் ஹதானோ. பொய் சொல்லத் தெரியாத மனுஷன், ஒன்றரை மாதம் சொன்னான்.

மேலே உட்கார்ந்திருந்தவர்களுக்கு வேறு வகையில் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆகஸ்ட் பாதியிலிருந்து இசோபேயை எழுப்புவார்கள், எறியச் சொல்வார்கள், ஆட்டத்துக்கு அனுப்ப மாட்டார்கள். ஒகயாமா மைதானம் பழசு. புல்பென் திறந்த வெளியில், எதிரணியின் கண்ணுக்கு நேரே இருக்கிறது. இடதுகைப் பிட்சர் தயாராகிறான் என்று பார்த்தால் எதிரணி தன் இடதுகை மட்டைக்காரனை அனுப்பத் தயங்கும். அதற்காகத்தான். முதல்நாள் கசாமா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இசோபே, சும்மா... அவங்க கண்ணுல படுற மாதிரி..."

"பூச்சாண்டி காட்டணும், அவ்வளவுதானே கோச்?"

"ரொம்ப மெனக்கெட வேணாம். சும்மா எறி."

"சும்மாவா? பூச்சாண்டி பல்லைக் காட்டலன்னா எந்தக் குழந்தை பயப்படும்?" என்று சொல்லிவிட்டு இருபது பந்தை மூச்சுப் பிடித்து எறிந்தான்.

இப்படிப் பதினாறு முறை. பத்திரிகையில் அவன் பேருக்கு நேரே ஒன்றுமில்லை. ஒவ்வொரு நாளும் பெஞ்சுக்கு அடியிலிருந்த பாதி டீயை எடுத்துப் புல்லில் ஊற்றினான். ஆடப் போய்விட்டுத் திரும்பி வந்தால்தான் அந்த மீதியைக் குடிப்பது. அது அவன் வைத்துக்கொண்ட சட்டம். ஊற்றிய இடத்தில் புல் செழித்துவிட்டது. "பாருடா, விவசாயம் பண்றேன்" என்று சிரித்தான். ஹதானோவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்டோபர் முதல் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அணி அலுவலகத்திலிருந்து சிலருக்குத் தொலைபேசி வரும். "நாளைக்கு சூட் போட்டுட்டு வாங்க" என்பார்கள். வேறெதுவும் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் வேண்டாம். சூட் போட்டுக்கொண்டு போகிறவன் ஆட்டக்காரனாகத் திரும்பி வருவதில்லை. இசோபே தன் சூட்டைச் சலவைக்குப் போட்டு வாங்கி வைத்துவிட்டதாகச் சொன்னான். "கசங்கின சூட்ல போய் நின்னா இவருக்கு மரியாதை இல்லடா."

"போறதைப் பத்திக் கவலையில்ல" என்று இன்னொரு நாள் பேச்சுவாக்கில் சொன்னான். "ஒரு தடவை அந்த மேட்டுல ஏறிட்டுப் போகணும். பல்லைக் காட்டிக் காட்டி வாய் வலிக்குது."

செப்டம்பர் கடைசி ஞாயிறு, பட்டப்பகல், வெயில் சுள்ளென்று அடித்தது. கனசாவா அணியோடு மூன்று நாள் ஆட்டத்தில் கடைசி நாள். ஜெயித்தால் க்ரேன்ஸுக்கு மூன்றாம் இடமும் இறுதிச் சுற்றும். தோற்றால் எல்லாரும் வீட்டுக்கு. எட்டாம் இன்னிங்ஸ், க்ரேன்ஸ் ஒரே ஒரு ஓட்டம் முன்னால். எதிரணிக்கு ஒருவன் அவுட், இரண்டு பேர் ஓட்டம் எடுக்கத் தயாராகத் தளத்தில். இசோபே ஜிப்பை இறக்கினான், நகத்தை இழுத்தான், பாதி டீயை வைத்தான். தொலைபேசி அடித்தது. வழக்கம்போல அவன் பூச்சாண்டியானான்.

ஹதானோ விரலை உள்ளே கொடுத்துப் பிடித்தான். பளார், பளார். ஆனால் எதிர்ப் பக்கத்தில் அன்றைக்கு யாரும் பயப்படவில்லை. வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் இதே வேடிக்கையைப் பார்த்தவர்கள். இந்த ஆளைக் காட்டுவார்களே தவிர அனுப்ப மாட்டார்கள் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். இரண்டாவது ஆள் அவுட்டானதும், அந்த வருடம் முப்பத்தொரு தடவை பந்தைச் சுவருக்கு அப்பால் அனுப்பிய தொமிசாவா, இடதுகை ராட்சசன், மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு சாவகாசமாக வெளியே வந்தான்.

மறுபடி தொலைபேசி. கசாமா எடுத்தார். கேட்டார். கையால் ஒலிவாயைப் பொத்திக்கொண்டு திரும்பினார். முகம் வெளுத்திருந்தது.

"மேனேஜர் நிஜமாவே கேக்குறாரு, இசோபேயை அனுப்பலாமான்னு. ஹதானோ, உன் வார்த்தையைத்தான் சொல்லப்போறேன். பந்து வருதா?"

ஹதானோ கையுறையை இறக்கினான். வருகிறது என்று சொன்னால், தொமிசாவா அந்தச் செத்த பந்தைக் கடலில் கொண்டுபோய்ப் போடுவான். நாற்பது பேரின் ஒரு வருட உழைப்பு தன் வாயால் போகும். வரவில்லை என்று சொன்னால், பதினைந்து வருடச் சிநேகிதனுக்குத் தானே சூட்டை மாட்டிவிட்டது போலாகும். பிட்சர் எறியும் கோட்டிலிருந்து இசோபே அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கோச், ஒரு நிமிஷம்" என்றான் இசோபே. "மூணு பந்து எறிஞ்சிட்டுச் சொல்றோம்." பிறகு ஹதானோவிடம், "டேய், மூணையும் வலையில பிடி. சத்தம் வேணாம்."

"என்னடா சொல்ற?"

"நீ பண்ற சத்தம் வேணாம். என் சத்தம் எனக்குக் கேக்கணும்."

கனசாவா ரசிகர்களின் ஊதுகுழல்கள் காதைப் பிளந்துகொண்டிருந்தன. இசோபே எறிந்தான். தொப். இன்னொன்று. தொப். மூன்றாவது. ஹதானோவின் கண் கலங்கிவிட்டது. கசாமா சின்னக் குழந்தைபோல வாயைத் திறந்துகொண்டு நின்றார்.

"எப்பலேர்ந்துடா தெரியும்?" என்று ஹதானோ கேட்டான்.

"ஆகஸ்ட்லேர்ந்தே. என் விரலை விட்டுப் போறப்பவே பந்து செத்துப் போகுது. உன் கைக்கு வந்து உயிரோட கத்துது. நான் என்ன செவிடனா?" சிரித்தான். "தினமும் உன்னைப் பிடிச்சுத் திட்டணும்னு வருவேன். அந்தச் சத்தத்தைக் கேட்டதும், சரி, இன்னும் ஒரு நாள் எறியலாம்னு தோணும்."

பிறகு கசாமாவிடம் திரும்பினான். தொப்பியைக் கழற்றிக்கொண்டான்.

"கோச், நேர்ப்பந்து போச்சு. ஒத்துக்கறேன். ஆனா அது நம்ம மூணு பேருக்குத்தான் தெரியும். அந்தத் தடியன் மூணு நாளா கேட்டது இவன் கையுறையை. வேகமா வரும்னு காத்திருப்பான். நேர்ப்பந்து ஒண்ணுகூட போட மாட்டேன். மெதுவானது மூணு கையில மிச்சம் இருக்கு. வேணாம்னா உக்காந்துக்கறேன், கோவிச்சுக்க மாட்டேன்."

கசாமா ஹதானோவைப் பார்த்தார். ஒன்றரை மாதப் பொய்க்குப் பிறகு ஹதானோ ஒரு நிஜம் சொன்னான். "மெதுவா வர்ற வளைபந்து மட்டும் பழையபடி வருதுங்க. சத்தியமா."

கசாமா ஒலிவாயிலிருந்து கையை எடுத்தார். "இசோபே தயார்" என்றார்.

மேனேஜர் பிட்சரை மாற்ற மைதானத்துக்குள் நடந்தார். பிட்சரை மாற்றும்போது ஊதுகுழல்கள் ஓய்ந்துவிடும். இருபதாயிரம் பேர் இருந்தும் கொடியின் படபடப்பு கேட்கிற நிசப்தம்.

"இப்ப உன் வேலையைக் காட்டு" என்றான் இசோபே. "அவன் பாட்டிக்கும் கேக்கணும்."

மூன்று பந்து. ஹதானோ விரலை முழுக்கக் கொடுத்தான். பளார். பளார். மூன்றாவதற்கு உள்ளே என்னவோ முறிந்த மாதிரி இருந்தது, ஆனால் ஓசை அப்படியொரு ஓசை. காத்திருப்பு வட்டத்தில் நின்ற தொமிசாவா தலையைத் திருப்பிப் பார்த்தான். பார்த்துவிட்டு, மட்டையின் பிடியை ஒரு விரல் அளவு மேலே மாற்றிக்கொண்டான். வேகப் பந்துக்குத் தயாராகிறவன் செய்கிற காரியம் அது. ஹதானோ அதைப் பார்த்தான்.

இசோபே மேட்டில் ஏறினான். நாற்பத்தேழு நாளுக்குப் பிறகு. வழக்கம்போல ஐந்து ஆரஞ்சுப்பழம் தூக்கிப் போட்டான். தொமிசாவா அதைச் சட்டை செய்யவில்லை, அவனுக்குத்தான் எல்லாம் தெரியுமே. முதல் பந்து, கேட்சர் காட்டிய சைகைக்கு இசோபே தலையை ஆட்டி மறுத்தான். மறுபடி மறுத்தான். பிறகு எறிந்தான். முதுகுக்குப் பின்னாலிருந்து கிளம்பிய பந்து ஊர்ந்து வந்தது. அது வருவதற்குள் தொமிசாவா சுழற்றி முடித்துவிட்டு, தலைக்கவசம் கழன்று விழ நின்றான். இரண்டாவது வெளியே போயிற்று. கூட்டத்தில் எவனோ, "வேகமாப் போடுய்யா!" என்று கத்தினான். தொமிசாவாவும் அதைத்தான் எதிர்பார்த்தான். மூன்றாவது பந்து முதலாவதைவிட மெதுவாக வந்தது. பாதிச் சுழற்றலில் தன்னைப் பிடித்து நிறுத்தப் பார்த்தான், முடியவில்லை. மட்டையின் நுனியில் பட்டு உயரே எழும்பிப் போன பந்தை இரண்டாம் தளத்து ஆள் நின்ற இடத்திலேயே நின்று பிடித்தான்.

ஹதானோ எழுந்து கத்தினான். என்ன கத்தினான் என்று அவனுக்கே நினைவில்லை. கசாமா அவன் தலையைப் பிடித்து உலுக்கினார். இசோபே தொப்பியைத் தொட்டுவிட்டு, கூட்டத்தின் ஆரவாரத்துக்கு நடுவே, பார்ட் டைம் வேலை முடிந்தவனாக இறங்கி நடந்தான்.

ஒன்பதாம் இன்னிங்ஸுக்குக் கடைசிப் பிட்சர் போனதும் புல்பென் காலியாயிற்று. ஹதானோ மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து, கையுறையைக் கழற்றாமல் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கழற்றினால் விரலைப் பார்க்க வேண்டியிருக்கும். இசோபே தோளில் ஐஸ் பையைப் பட்டையால் கட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். பெஞ்சுக்கு அடியில் கைவிட்டுக் காகிதக் கோப்பையை எடுத்தான். வெயிலில் டீ சூடேறியிருந்தது. ஒரே மடக்காகக் குடித்தான்.

"இவரு என்ன சொல்றாரு?" என்று ஹதானோ தோளைக் காட்டிக் கேட்டான்.

"தூங்கிட்டாரு."

"செவ்வாய்க்கிழமை போன் வந்தா?"

"வரட்டுமே. சூட் ரெடி." கடைசிப் பிட்சர் ஒருவனை வீழ்த்தினான். கூட்டம் எழுந்து நின்றது. இசோபே எழவில்லை. "உன் கையைக் காட்டு" என்றான்.

"ஒண்ணுமில்லடா. ஆட்டத்தைப் பாரு."

"கிண்ணத்தை மேசையில வெச்சுக் குனிஞ்சு சாப்பிடுறவனை எத்தனை வருஷமாப் பாக்குறேன். காட்டுடா."

கையுறையை இசோபேயே மெதுவாகக் கழற்றினான். விரல் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. தன் தோளில் கட்டியிருந்த பட்டையை அவிழ்த்தான். மகளைக்கூட வலது பக்கத்தில் மட்டுமே தூக்கி வளர்த்தவன், ஆடி முடித்துச் சூடு ஆறாத அந்தத் தோளிலிருந்து ஐஸ் பையை எடுத்து, ஹதானோவின் விரல்மேல் வைத்து, பட்டையை இரண்டு சுற்றுச் சுற்றி, இடது கையாலேயே முடிச்சுப் போட்டான்.